மேற்குக் கரைக்கு உன்னை அனுப்பியவள்

மார்கழி பிறந்து நாலு நாள் ஆகிறது. இன்று காலை பார்வை மேடையில் ஏறினேன். காற்று சட்டென்று திரும்பி, ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் நாற்றத்தைக் கொண்டுவந்து என் முகத்தில் கொட்டியது. நாரைக் கூடுகள், வெள்ளை வெள்ளையாய் எச்சம், குஞ்சுகள் சிந்திய மீன், ஊறிப்போன பட்டை எல்லாம் கலந்த நாற்றம். பொம்மையார்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டு வந்திருந்த ஒரு குடும்பம் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டது. எனக்கு உன் குரல் கேட்டது.

"மூக்கப் பொத்தாதீங்கம்மா. உங்களுக்கு இது நாத்தம். எனக்கு இது வேல வந்த வாசன."

நீ இதைச் சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிடுவார்கள். இன்று நானும் சொல்லிப் பார்த்திருக்கலாம். நான் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னை நினைத்ததும் கண்ணீர் வரும் என்று பார்த்தால், முதலில் வந்தது அந்தப் பழைய வயிற்றெரிச்சல். உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போதாவது எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அது ஏரியில் தொடங்கியதல்ல. திண்டிவனத்தில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்திலேயே இருந்தது. முதல் ரேங்க் எப்போதும் எனக்கு. ஆனால் வாத்தியார் வராத வகுப்பில் நீ எழுந்து நின்று, முந்தின நாள் பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் ஐம்பது பேரும் மூச்சுவிட மறந்து கேட்பார்கள். லீடர் நான். "சத்தம் போடாதீங்க" என்று நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நீ வாயைத் திறந்தால் போதும், வகுப்பு அடங்கிவிடும். பத்தாவது முடிந்ததும் உன் அப்பா இறந்தார். நீ கூலி வேலைக்குப் போனாய். இதை எழுதக் கை கூசுகிறது: நீ பதினோராம் வகுப்புக்கு வரவில்லை என்று தெரிந்த அன்று, என் மனத்தின் ஒரு மூலையில் ஒரு நிம்மதி இருந்தது.

நான் காலேஜ் முடித்து, பரீட்சை எழுதி, வனவர் ஆகி, இரண்டு ஊர் மாறி இந்த ஏரிக்கு வந்தேன். பறவைகள் வரும் ஐந்து மாதத்துக்கு மட்டும் ஆறு பேரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பார்வையாளர்களுக்குப் பறவைகளைக் காட்டிச் சொல்ல வேண்டும், கரையைச் சுற்றிக் காவல் பார்க்க வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் வேலை வாங்குவதும் என் பொறுப்பு. அந்த முதல் வருடம், பத்தாவது மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு நீ வந்து நின்றாய். ஏரிக்கரை ஊருக்கே நீ வாழ்க்கைப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"என்னாடி, காக்கி போட்டுக்கினு போலீசு மாரி இருக்க! நான் என்னான்னு கூப்புடணும், மேடமா?"

"எல்லார் எதிர்லயும் மேடம்னு சொல்லு. தனியா இருக்கும்போது எப்பவும்போல பேசு" என்றேன்.

ஆறு பேருக்கும் நான் அச்சடித்த தாள் கொடுத்தேன். பறவையின் பெயர், எங்கிருந்து வருகிறது, என்ன தின்கிறது, எத்தனை முட்டை. இதை மனப்பாடம் செய்து சொல்லுங்கள் என்றேன். நீ அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, முதல் ஞாயிற்றுக்கிழமையே நத்தைகுத்தி நாரையைக் காட்டினாய்.

"அதோ பாருங்க, அந்த மூக்கு மூடவே மூடாது, நடுவுல சந்து இருக்கும். எங்க மாமியார் வாய் மாரி. ஆனா எங்க மாமியாரால ஆகாத வேல ஒண்ணு அதால ஆவும். சேத்துல கீற நத்தைய ஓடு ஒடையாம உருவி எடுத்துரும். நாங்க நாத்து நடறப்ப பின்னாடியே வரும். அது இறங்குன கழனில அந்த வருசம் நாத்த நத்த கடிக்காது."

என் தாளில் சந்து இருந்தது. நத்தை இருந்தது. மாமியாரும் இல்லை, கழனியும் இல்லை. பத்து வருடம் புத்தகம் படித்து நான் தெரிந்துகொண்டதை நீ சேற்றில் குனிந்து நின்றே தெரிந்துகொண்டிருந்தாய். மறுவாரம், நீ விடுப்பில் இருந்தபோது, ஒரு பள்ளிக் கூட்டத்திடம் அந்த மாமியார் வேடிக்கையை நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, "மிஸ், அந்தப் பறவை அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். உன்னிடம் இதை நான் சொன்னதே இல்லை.

பார்வையாளர் குறிப்பேட்டை மாலையில் தனியாக உட்கார்ந்து புரட்டுவேன். 'அந்த அக்கா விளக்கியது அருமை.' 'மறுபடி வருவோம், அக்காவைப் பார்க்க.' பறவையைப் பார்க்க வருவோம் என்றுகூட எழுதவில்லை! மேலதிகாரி குடும்பத்தோடு வந்தபோதும் நான் பைனாகுலரைத் துடைத்து எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் மனைவி நேராக, "நல்லா கதை சொல்வாங்களாமே, அவங்க எங்கே?" என்றார்.

இரண்டாவது சீசனில் எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. நீ ஒரு காலேஜ் கூட்டத்திடம் ஊசிவால் வாத்துகளைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாய். "இவளுங்க எல்லாம் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்துக்கினு இருக்காளுங்க. குஞ்சு பொரிச்சிக்கினு போவாளுங்க." நான் பின்னால் வந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"தப்பா சொல்லாதே. நாரைதான் இங்க கூடு கட்டும். வாத்து இங்க முட்டையே போடாது. தெரியலைன்னா பேசாம இரு."

நான் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! கூட்டம் தரையைப் பார்த்தது. நீ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றாய். அன்று மாலை அலுவலகத்தில் நாம் இருவர் மட்டும் இருந்தபோதும் மேடம் என்றே சொன்னாய்.

மறுநாள் வேலைப் பட்டியலில் உன்னை மேற்குக் கரைக்குப் போட்டேன். பார்வையாளர் யாரும் போகாத பக்கம். வலை போடுகிறவர்களை விரட்டுவது மட்டும்தான் வேலை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கரையின்மேல் நடந்து போனாய். இனிமேல் மேடையில் நான்தான் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம், புதுச்சேரி பள்ளி ஒன்றின் ஆசிரியை நாற்பது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றரை கிலோமீட்டர் வெயிலில் மேற்குக் கரைக்கு நடத்திக்கொண்டு போனார். நான் மேடையில் பைனாகுலரை வைத்துக்கொண்டு, பறவைகளை விட்டுவிட்டு அந்த வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு நம்மேல் கோபம் இருந்தது உனக்குத் தெரியும். நீலக்கோழிகள் ஏரியோரச் சம்புக் கோரைப் புதரிலிருந்து வந்து, கதிர் பிடிக்கும் நெல்லை மிதித்துச் சாய்த்துவிடும். பொங்கலுக்கு முன்பு, கூடு இருக்கும் மரங்களுக்குக் கீழே வெடி வைத்து எல்லாப் பறவைகளையும் விரட்டப்போவதாகச் செய்தி வந்தது. குஞ்சுகள் பறக்கத் தெரியாமல் கூட்டில் இருந்த நேரம். நான் நோட்டீஸ் தயார் செய்து, ஜீப்பில் ஏறிப் போனேன். கரையில் இறங்கிப் பார்த்தால் நீ வரப்பில் குந்தியிருந்தாய். உன்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள்.

"நீங்க வெடி வச்சா நாரதான் ஓடும். நீலக்கோழி ஓடாது, புதர்ல பூந்துக்கும். நாலு நாள் கழிச்சி மறுபடி வரும். உங்க கழனில நான் நட்டிருக்கேன், கள எடுத்திருக்கேன். அது எந்த மூலைல ஏறுதுன்னு எனக்குத் தெரியும். கரையோரம் பத்தடிக்கு சம்ப அறுத்து வெட்டவெளி ஆக்கிட்டா, அந்தப் பயந்தாங்கொள்ளி தாண்டி வராது. நாங்க அறுத்துத் தர்றோம்."

"வந்துச்சின்னா?" என்றார் ஒரு பெரியவர்.

"வந்தா, நீங்க கொளுத்துற மொத வெடிய எங்கிட்ட குடுங்க. நானே கொளுத்துறேன்."

அவர் சிரித்துவிட்டார். நோட்டீஸ் என் சட்டைப்பையிலேயே இருந்தது. மற்ற ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எட்டு நாள் சம்பு அறுத்தாய். நீலக்கோழி அந்த வெட்டவெளியைத் தாண்டவில்லை. வெடியும் வெடிக்கவில்லை.

அந்த மாத அறிக்கையில் நான் எழுதினேன்: 'எனது நேரடிப் பேச்சுவார்த்தையின் மூலம் பிரச்சினை சுமுகமாகத் தீர்க்கப்பட்டது.' உன்னிடம் எத்தனையோ இருக்கிறது, இது ஒன்று எனக்கு இருக்கட்டுமே என்றுதான் தோன்றியது. ஆகஸ்டில் விழுப்புரத்தில் நடந்த சுதந்திர தின விழாவில் அந்த வேலைக்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். படம் ஊர் வாட்ஸாப் குழுவரைக்கும் போய்விட்டது. அன்று மாலை உன்னிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"போட்டோல நல்லா இருக்கடி. கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்."

பலமுறை போட்டுக் கேட்டேன். எங்கேயாவது கோபம் ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. இத்தனை பெரிய மனசு இவளுக்கு எப்படி வந்தது என்று அதற்கும் எரிந்தேன்.

செப்டம்பரில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போன இடத்தில் உன்னைக் கண்ணாடிவிரியன் கடித்தது. மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கால் தூண்போல வீங்கியிருந்தது. சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று உன் வீட்டுக்காரர் வாசலில் சொல்லி அழுதார். நீ என்னைப் பார்த்ததும் நகர்ந்து கட்டிலில் இடம்விட்டாய்.

நான் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். மேற்குக் கரையைப் பற்றியும் சொன்னேன். பொறாமை என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

"தெரியும்டி" என்றாய்.

"உனக்குக் கோவமே வரலையா?"

நீ சிரித்தாய், உதடு வெடித்திருந்தது. "வராம? அன்னிக்கி அந்த போட்டோவப் பாத்துட்டு ஃபோனத் தூக்கிப் போட்டு ஒடைக்கலாம்னு இருந்துச்சி. நான் கோவப்பட்டா அடுத்த சீசனுக்கு யாருடி கையெழுத்துப் போடுவா?" வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம்தான் இருக்குது. காலு சரியாயிடும். என்னக் கூப்புடுவ இல்ல?" என்று கேட்டாய்.

"கூப்பிடுவேன். மேடையிலதான் நிப்ப" என்றேன்.

"மேற்குக் கரையே குடு. அங்க மேடம் தொல்ல இல்ல" என்றாய். உன் பாதிக் குரலுக்கும் பக்கத்துக் கட்டில் நோயாளி சிரித்தாள்.

நான்காம் நாள் நீ இல்லை.

பெரிய மனசு என்று நான் எரிந்ததெல்லாம் என் பேனாவுக்குப் பயந்து நீ விழுங்கிய கோபம். அதை உன் வாயால் கேட்ட பிறகும், உன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்ததும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? மேற்குக் கரை விவசாயிகள் வந்திருந்தார்கள். அந்தப் புதுச்சேரி ஆசிரியை வந்திருந்தார். வரப்பில் உன்னைக் கேள்வி கேட்ட பெரியவர் உன் வீட்டு வாசலில் சின்னப்பிள்ளைபோல விசும்பினார். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது. அது வந்தபோது நிற்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதி, சான்றிதழையும் இணைத்து மேலே அனுப்பிவிட்டேன். இறந்தவர் பெயரில் மாற்றித் தர வழி இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்றார்கள். மாற்றுவார்களோ என்னவோ. நான் அதற்காகக் காத்திருக்கவில்லை.

இந்த சீசனில் மேற்குக் கரைக்கும் பார்வையாளர்களை அழைத்துப் போகிறேன். நீங்கள் ஆறு பேரும் சம்பு அறுத்த இடத்தில் நிறுத்தி, உன் பெயரைச் சொல்லி, நீ வரப்பில் குந்தியிருந்ததிலிருந்து தொடங்கி, அறிக்கையில் நான் எழுதிய பொய் வரைக்கும் சொல்கிறேன். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறார்கள். இந்த வேலையில் என் பேச்சை ஒரு கூட்டம் அசையாமல் கேட்பது இதுதான் முதல்முறை.

முடிந்ததும் அவர்கள் கேட்பதும் ஒன்றேதான். "அந்த அக்கா இன்னும் என்னென்ன சொல்வாங்க?"

ஒருவர்கூட என்னைப் பற்றிக் கேட்பதில்லை. எரிகிறதடி, இப்போதும் எரிகிறது. அடிவயிற்றில் அதை வைத்துக்கொண்டே அடுத்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.