மூட்டைத் தழும்பு

1997 மே 6
அம்மா கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டா. அப்பா அதைக் கவனிக்காமலே சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த கிழமை புதன்கிழமை, ஓர்ஸ் ஹில் மேட்டில் இருக்கிற அரசாங்கத் தொழில் கந்தோரில் கூட்டம். ஒரு மனிதன் எவ்வளவு பாரம் சுமக்கலாம் என்று உலக நாடுகளுக்குப் பொதுவாக ஒரு விதி இருக்கிறதாம். அதை இலங்கையும் ஏற்கலாமா என்று அரசாங்கம் முதலாளிமாரையும் தொழிற்சங்கங்களையும் ஒன்றாக இருத்திக் கேட்கப்போகிறது. துறைமுகப் பக்கத்தில் மூட்டை சுமக்கிறவர்களின் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். அவர்தான் பேசவேண்டும்.

"ஊர் கிடக்கிற கிடையில உங்களுக்குக் கூட்டம் ஒரு கேடு," என்றா அம்மா.

எனக்கும் பயம்தான். என்னோடு படிக்கிற இராசமலரின் அண்ணாவை மாசி மாதம் ஆமிச் சென்றியில் மறித்து பஸ்ஸால் இறக்கினார்கள். ரியூசனுக்குப் போனவர். இன்னும் வரவில்லை.

மே 8
ஆமியின் சுற்றிவளைப்பில் எந்தக் கடதாசி அகப்பட்டாலும் கேள்விதான், ஒன்றும் எழுதாதே என்கிறா அம்மா. இந்தக் கொப்பி தையல் மெஷின் லாச்சிக்குள், துணித் துண்டுகளுக்குக் கீழே. எழுதாவிட்டால் நித்திரை வருகுதில்லை. என்ன செய்ய?

மே 11
அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு சரீப் ஹாஜியாரின் அரிசி ஸ்டோருக்குப் போனேன். கூட்டத்தில் முதலாளிமார் பக்கம் பேசப்போகிறவரும் அவர்தான்.

இரண்டு பேர் பிடித்துத் தூக்கி மூட்டையை அப்பாவின் தோளில் வைத்தார்கள். எப்போதும் இடது தோள். முழங்கால் ஒருதரம் மடிந்து நிமிர்ந்தது. பார்க்காத மாதிரி நின்றேன்.

ஹாஜியார் கதிரையில் இருந்தபடி, "என்ன செயலாளர், மூட்டையப் பாதியாக்கினா உங்கட ஆக்கள் ரெண்டு தரம் நடக்கோணுமே. காலுக்கு யாரு விதி போடுற?"

"கால் என்ர பொறுப்பு ஹாஜியார். முதுகைப் பற்றித்தான் கதைக்க வாறன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியாரும். "வாங்க, வாங்க. என்ட மூட்டையால ஒருத்தனுக்கும் ஒண்டும் நடக்கல்ல எண்டு நான் அங்க சொல்லுவன்."

தோளில் பாரத்தோடு நின்று எப்படிப் பகிடி விட முடிகிறது? எனக்கு வகுப்பில் எழும்பிப் பதில் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மே 12
மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிறது. கூரையில் அடித்த சத்தத்தை ஆமி என்று நினைத்தேன். தகரம்.

மே 14
அப்பா வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு காலையில் கூட்டத்துக்குப் போனவர். விளக்கு வைத்தாயிற்று. காணவில்லை. ஏன் போகவிட்டோம்? ஏன்?

அதே நாள், பிறகு
வந்திட்டார். வந்திட்டார் –

ஓர்ஸ் ஹில் ஏறுகிற இடத்துச் சென்றியில் சேட்டைக் கழற்றச் சொன்னார்களாம். இடது தோளில் தடித்துக் கறுத்த தழும்பு. இயக்கத்தில் துவக்குச் சுமந்த தழும்பு என்று ஓரமாக இருத்திவிட்டார்கள். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மூட்டை, மூட்டை என்றாராம். ஆர் நம்புவினம்?

அந்த வழியால் ஹாஜியாரின் வான் வந்தது. அவர் பேசாமல் போயிருக்கலாம். அப்பா இல்லாவிட்டால் கூட்டத்தில் அவரை எதிர்த்துக் கதைக்க ஆளில்லை. ஆனால் இறங்கிவந்து ஆமியிடம் சிங்களத்தில் சொன்னாராம்: "இது துவக்கு இல்ல மஹத்தயா. என்ட மூட்டை. என்ட ஸ்டோர்ல சுமக்கிற எல்லாருக்கும் இந்தத் தழும்பு இருக்கு. வந்து பாருங்க."

தன் ஐசி அடையாள அட்டையையும் கொடுத்துப் பிணை நின்றுதான் கூட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அரசாங்கம், முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் வரட்டும் என்று அதிகாரி அங்கே காத்திருந்தாராம்.

முதலில் ஹாஜியாரிடம் கேட்டார்கள். அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாராம். பிறகு, "சென்றியில ஒரு கதை, இங்க ஒரு கதை சொல்ல எனக்கு ஏலாது. மூட்டைப் பாரம் அளவுக்குக் கூடத்தான்." மற்ற முதலாளிமார் அவரை முறைத்தார்களாம்.

"நீங்கள் என்னப்பா சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னனான். ஒரு கிழமையாப் பாடமாக்கினதெல்லாத்தையும் அந்தாள் சொல்லிப்போட்டுதே!"

அப்பா சிரித்தார். அம்மா அழுதா. எனக்கு இரண்டும் வந்தது.

ஜூன் 20
விதியை அரசாங்கம் ஏற்குமோ தெரியாது, அது கொழும்பின் முடிவு என்கிறார் அப்பா. ஸ்டோரில் சின்னச் சாக்குகள் வந்திருக்கின்றன.

ஜூன் 24
கொழும்பில் பெரிய கூட்டம். இரண்டு பேரும் போகிறார்கள். சின்னச் சாக்குக்குக் கூலியைக் குறைக்கவேண்டும் என்று ஹாஜியார், குறைக்க விடமாட்டேன் என்று அப்பா.

விடிய, ஒழுங்கையில் வான் ஹோர்ன் அடித்தது. "செயலாளர்! சண்டைக்கு நேரமாச்சு!"

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து அப்பாவின் கையில் இடியப்பப் பார்சலைக் கொடுத்தா. இரண்டு கட்டியிருந்தா.