பதினோரு மேடை, ஒரு பம்பு

பிப்ரவரி 9

அன்புள்ள புரபசருக்கு,

பள்ளியில் நீ கண்ணாடி போட்டு வந்த முதல் நாளே வைத்த பெயர். இப்போது நிஜமாகவே புரபசர் ஆகப்போகிறாய். பெயர் வைத்தவனுக்கு ஒரு விருந்து உண்டா?

போனில் எதுவும் சொல்லாதே, காகிதத்தில் எழுது, அதுதான் உனக்குப் பாதுகாப்பு என்றாய். எழுதுகிறேன். முதலில் வீட்டுச் செய்தி. பெண் பிறந்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை காலையில். மூக்கு அப்படியே என் மூக்கு. "பாவம், பொண்ணு" என்கிறாள் உன் தங்கச்சி. அம்மா பேத்தியைக் கீழேயே விடுவதில்லை.

இனி உன் ஆராய்ச்சிக்கு நீ கேட்டது. வெளிநாட்டு உதவியில் எங்கள் வட்டாரத்துக்குப் பதினோரு அடிபம்பு போட்டதாகக் கணக்கு. வந்து பார்த்தால் பதினோரு சிமெண்ட் மேடை இருக்கிறது, பம்பு ஒன்றுதான். எங்கும் ஆழ்துளை போடவில்லை. மேடைக்கு அடியில் ஒரு டிரம்மைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். உதவி கொடுத்தவர்கள் பார்வையிட வரும் நாளில் அந்த ஒரே பம்பைக் கழற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய் மாட்டுவது என் வேலை. ஒரு தெருவில் அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அடுத்த தெருவில் நான் நாலு போல்ட்டும் இறுக்கியிருக்க வேண்டும். போன தடவை டீ ஆறியிருந்ததால் ஒரே மடக்கில் குடித்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் போனில் கத்துகிறார்: "யோவ், கிளம்பிட்டாங்கய்யா! மாட்டிட்டியா இல்லையா?"

"இன்னொரு டீ ஊத்துங்க சார்" என்றேன்.

ஏழாவது தெருவில் கார் போனதும் பம்பைக் கழற்ற உட்கார்ந்தேன். ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். "இதையாவது விட்டுட்டுப் போயேண்ணே." அவள் முகத்தைப் பார்க்காமல் கழற்றினேன். அதையும் எழுதிக்கொள்.

வேலை போனால் வீட்டில் நாலு வயிறு. கேட்டது நீ என்பதால் எழுதினேன்.

உன்
ஸ்பேனர்


மார்ச் 2

டேய் ஸ்பேனர்,

என் மருமகளுக்கு ஆயிரம் முத்தம். மூக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். டீ விஷயத்துக்கு நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், எதிர் மேஜைக்காரி முறைத்தாள். குடத்தோடு வந்தவளைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. உதவிப் பணம் எங்கே போகிறது என்று மூன்று வருடமாக அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னைப் போல ஒருவரும் சொன்னதில்லை. தேதி, தெரு, வந்தவர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் எழுது.

உன் பெயர் எங்கேயும் வராது. அப்படி என்று பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் என் வாக்கு இருக்கிறது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
புரபசர்


நவம்பர் 18

புரபசருக்கு,

உன் கட்டுரை வெளிவந்துவிட்டதாமே. நீ அனுப்பவில்லை. எங்கள் ஆபீஸ் என்ஜினியர் மேஜையில் பார்த்தேன். என்னை நிற்க வைத்தே படித்து அர்த்தம் சொன்னார். இதைத் தெரிவித்தவர் அந்த வட்டாரத்தின் பம்பு மெக்கானிக் என்று ஒரு வரி.

"ஏம்ப்பா, நம்ம வட்டாரத்துல பம்பு மெக்கானிக் மொத்தம் எத்தனை பேரு?"

அவரே என்னை நோக்கி விரலை நீட்டி, "ஒண்ணு" என்றார். அதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

பெயரை மறைத்தாய், தொழிலை அப்படியே விட்டுவிட்டாய். இவ்வளவு படித்தவனுக்கு இது தெரியாதா? கான்ட்ராக்டர் உன் கட்டுரையில் எங்குமே இல்லை. 'பலவீனமான நிர்வாகக் கட்டமைப்பு' என்று இருக்கிறது. என்ஜினியர் 'கண்காணிப்பில் உள்ள இடைவெளி'. அந்த இடைவெளிக்குத் தொப்பை இருக்கிறது, இரண்டு கார் இருக்கிறது, நான் தினமும் பார்க்கிறேன். தின்றவன் எல்லாம் கட்டமைப்பு ஆகிவிட்டான். ஆள் என்று அதில் இருப்பது நான் ஒருவன்தான்.

உதவியை நிறுத்திவிட்டு விசாரணைக்கு வந்தார்கள். பதினோரு பம்பும் மாட்டினோம், மெக்கானிக்தான் பத்தைத் திருடி விற்றுவிட்டான் என்று கான்ட்ராக்டர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். என்ஜினியர் சாட்சி. என்னை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. ஜனவரி இருபதாம் தேதி கோர்ட்டில் நிற்க வேண்டும்.

நீ ஒரே ஒரு காரியம் செய். இவன் திருடவில்லை, திருட்டை எனக்குச் சொன்னவனே இவன்தான் என்று பல்கலைக்கழகக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது போதும் என்கிறார் வக்கீல்.

ஸ்பேனர்


டிசம்பர் 6

அன்பு நண்பா,

இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. 'உள்ளூர் ஊழியர் ஒருவர்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். நம்பும்படி இல்லை, யார் என்று தெளிவாக வேண்டும் என்று பத்திரிகையில் கேட்டார்கள். மாற்றினேன். அந்த ஊரில் இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். தப்புத்தான்.

ஆனால் நீ கேட்கும் கடிதத்தை என்னால் தர முடியாது. தகவல் சொன்னவர் யார் என்பதை நானே உறுதி செய்யக் கூடாது என்பது ஆய்வு விதி. உன்னைக் காப்பாற்றத்தான் அந்த விதியே இருக்கிறது. மீறினால் என் பட்டம் போகும். ஜனவரியில், அந்தப் பம்புகளுக்குப் பணம் கொடுத்த அதே உதவி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்கிறேன். உள்ளே இருந்தால்தான் இதையெல்லாம் மாற்ற முடியும், கொஞ்சம் புரிந்துகொள். நான் உனக்கு எழுதியவற்றை யாரிடமும் காட்டிவிடாதே.

உன்
புரபசர்


டிசம்பர் 21

புரபசருக்கு,

சரி. நீ எழுதித் தர வேண்டாம். நான் உனக்கு எழுதினேனே ஏழு கடிதம், அவற்றை உறையோடு திருப்பி அனுப்பு. புகார் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே தபால் முத்திரை விழுந்தவை. "திருடுறவன் இப்பிடி முன்கூட்டியே எழுதிப் போட்டுட்டா திருடுவான்?" என்று கேட்டுவிடலாம் என்கிறார் வக்கீல்.

உன் கடிதங்களையும் கேட்டார். தர மாட்டேன் என்றேன். "அவன் பொழப்பு போயிரும் சார்" என்றேன். "உங்க பொழப்பு?" என்றார். என் கடிதம் வந்துவிடும், அது போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் அனுப்பு. உன் தங்கச்சி இப்போது ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள்.

ஸ்பேனர்


ஜனவரி 5

அன்புடையீர்,

தங்கள் டிசம்பர் 21 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. ஆய்வுக்காகத் திரட்டப்பட்ட மூலத் தரவுகள் அனைத்தும், தகவல் அளித்தோரின் பாதுகாப்பைக் கருதி, கட்டுரை வெளியான முப்பது நாட்களுக்குள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. தங்கள் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

இப்படிக்கு,
முதுநிலை ஆலோசகர்
நிர்வாகச் சீர்திருத்தப் பிரிவு

டேய், மன்னிச்சுடு. ஆபீஸ் வழியாத்தான் பதில் போடணும்னுட்டாங்க.


ஜனவரி 14

முதுநிலை ஆலோசகருக்கு,

கட்டுரை வந்தது அக்டோபரில். முப்பது நாள் கணக்குப்படி நவம்பருக்குள் அழித்தாகிவிட்டது. டிசம்பர் ஆறாம் தேதி எனக்கு எழுதும்போதே உனக்கு அது தெரியும். சொல்லவில்லை.

அந்த ஏழில் முதல் கடிதத்தில் என் மகள் பிறந்த செய்தி இருந்தது. நாலாவதில் அம்மா போன செய்தி. "அந்தக் கண்ணாடிக்காரப் பய லெட்டர் போட்டானாடா?" என்று ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு கேட்டாள் என்று எழுதியிருந்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்று நீ பதில் எழுதினாய். அதுவும் மூலத் தரவுதானா? காகிதம் கிழிக்கும் மிஷினுக்குள் போடும்போது அந்த ஒரு பக்கத்தையாவது தனியே எடுத்து வைக்க உனக்குத் தோன்றவில்லையா? விதியில் அதற்கு இடம் இல்லையோ?

பாதுகாப்பு என்ற வார்த்தையை இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறாய்! ஒவ்வொரு தடவையும் அதற்குள் நீ உட்கார்ந்திருந்தாய். கான்ட்ராக்டர் என்னை ஏமாற்றவில்லை. அவர் திருடர் என்று முதல் நாளே தெரியும்.

நேற்று வக்கீலிடம் போனேன். நீ எழுதிய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். சிரித்தது, அழுதது, வாக்குக் கொடுத்தது, யாரிடமும் காட்டாதே என்றது, கடைசியாக ஆபீஸ் தாளுக்கு அடியில் பேனாவால் எழுதிய அந்த ஒரு வரி. ஜெராக்ஸ் போதுமா என்றேன். அசல்தான் வேண்டும் என்றார். வீட்டில் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தபோது உன் தங்கச்சி கேட்டாள், "அவரு வேலை போயிடாதா?" நான் கடிதங்களை எண்ணிப் பையில் வைத்தேன். இனிமேல் அவளை உன் தங்கச்சி என்று எழுத மாட்டேன்.

இருபதாம் தேதி கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். உன் பெயரையும் படிப்பார்கள். பதில் போட வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு எழுதி நகல் எடுத்தது இதுதான் முதல் தடவை.

வட்டாரப் பம்பு மெக்கானிக்
(வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன்)