இளைஞரணி அமைப்பாளருக்கு ஐம்பத்து நான்கு வயது

ஃப்ளெக்ஸ் இயந்திரம் ஓடும்போது மை வாடை கடை முழுக்க நிற்கும். கோவில்பட்டியில் இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து அந்த வாடைக்கு நடுவே உட்கார்ந்துதான் மதியச் சோறு சாப்பிடுகிறேன். ஒருநாளும் உறுத்தியதில்லை. போன மாதம் ஒரு காலையில் அதே வாடை எனக்குக் குமட்டியது. இயந்திரத்திலிருந்து வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது உன் முகம்.

நீ போய் ஆறு வருடமாகிறது. கட்சி இப்போது இளைஞர் மாநாடு நடத்துகிறது. அதன் பேனரில் உன் படத்தைப் போட வேண்டுமாம். கீழே 'இளைய தலைமுறையின் எழுச்சி முகம்' என்று எழுத வேண்டுமாம். படத்தை அனுப்பியவர் யார் தெரியுமா? நம் ஒன்றியத்தின் இளைஞரணி அமைப்பாளர். ஆமாம், அதே ஆள்தான். தலைக்கும் மீசைக்கும் கருப்பு மை பூசிக்கொண்டு, இன்னும் அதே பதவியில் இருக்கிறார்.

நாம் இருவரும் கட்சியில் சேர்ந்தபோது நமக்கு இருபத்தைந்து வயது. எப்போதும்வென்றானிலிருந்து காலை பஸ்சில் நீ வந்து இறங்குவாய். உன் பையில் உறுப்பினர் படிவங்கள் இருக்கும். மழை பெய்த மறுநாள் புதூர்ப் பக்கம் போனோமே, கரிசல் மண் செருப்பில் அப்பி ஒவ்வொரு கால் ஒரு கல் கனம் கனத்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். நீ படிவங்களை பாலிதீன் பைக்குள் வைத்து இடுப்பில் செருகியிருந்தாய்.

அன்றைக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன், நம் வயதுதான் இருக்கும், படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"நாங்க சேந்தா எங்களை எங்கன உக்கார வைப்பீய?"

நீ யோசிக்கவே இல்லை. "முன்னாடிதான். பின்னாடி நிக்கதுக்கா இம்புட்டுத் தூரம் நடந்து வந்து கூப்பிடுதேன்?"

அவன் கையெழுத்துப் போட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகவே எத்தனையோ பேர் போட்டார்கள்.

மூன்று வருடம் அப்படி அலைந்த பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஒன்றியப் பொறுப்புகளில் இளையவர்களுக்கு இடம், இளைஞரணிக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள் மட்டுமே என்று தலைமை சொல்லியது. நீ கிளை வாரியாகப் பெயர்ப் பட்டியல் தயாரித்தாய். யார் எந்த வேலையை நன்றாகச் செய்வார்கள் என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எழுதினாய். அமைப்பாளர் என்ற இடத்தில் உன் பெயரை எழுத நீ கூச்சப்பட்டாய். நான்தான் எழுதினேன்.

எட்டயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். நாம் சேர்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் வெளியே கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் பந்தியில் இலை போட்டார்கள். நம் இருவரையும் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கச் சொன்னார்கள். "நான் சந்தனம் குடுக்க வரல அண்ணாச்சி" என்று கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு நீ உள்ளே போனாய். நானும் உன் பின்னால் வந்தேன்.

மாவட்டச் செயலாளர் பெயரைப் படித்தார். இளைஞரணி அமைப்பாளர், அவருடைய மச்சினன். அப்போதே அவருக்கு நாற்பத்தாறு. மண்டபம் கைதட்டியது. நீ எழுந்தாய்.

"அண்ணாச்சி, இவிய எந்த வருசம் பிறந்தாவன்னு மைக்குல சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். மாவட்டச் செயலாளரும் சிரித்தார். "ஏம்மா, இளமை மனசுல இருந்தாப் போதும்மா. உனக்குப் பொறுப்பு வேணும்னா மகளிரணியில பாப்போம், உக்காரு."

"நான் கேட்டது வயசு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். அப்போது நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "உக்காருட்டி, எல்லாரும் பாக்காவ." நீ என்னைக் குனிந்து பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் அங்கே இருப்பதையே அப்போதுதான் கவனித்தவள் போல இருந்தது. பிறகு நீ மட்டும் மண்டபத்தைவிட்டு வெளியேறினாய். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அதன் பிறகும் நாம் பேசினோம். அந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நீ தனியாகக் கிராமங்களுக்குப் போனாய்; நான் கடையைத் திறந்து கட்சிக்கு பேனர் அடித்தேன். இரண்டு வருடம் கழித்துக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். உன் வீட்டு வாசலுக்குக் கட்சியிலிருந்து வந்தது ஒரே ஒரு மாலை. அதையும் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

போன மாதம் அந்த ஆள் அனுப்பியிருந்தது எட்டயபுரத்துக் கூட்டத்தில் எடுத்த படம். நீ எழுந்து நின்று கேட்கும்போது யாரோ எடுத்திருக்கிறார்கள். விரல் உயர்ந்திருக்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது. பார்த்தால் ஏதோ கோஷம் போடுவதுபோல இருக்கிறது. ஓரத்தில் உன் துப்பட்டாவை இழுக்கும் ஒரு கை. படத்தில் எதையும் மாற்றாமல் அப்படியே ஒரு மாதிரிப் பிரதி அடித்தேன்.

அவர் கடைக்கு வந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கும்மா. ஓரத்துல என்னமோ கை தெரியுதே, அதை மட்டும் அழிச்சிரு."

"அது என் கை, அண்ணாச்சி."

"யார் கையா இருந்தா என்ன? பிள்ளை எம்புட்டு வேகமாப் பேசுது பாரு!"

அவருக்குப் பதவி கொடுத்ததற்கு எதிராகத்தான் நீ பேசினாய் என்பதே அவருக்கு நினைவில்லை. அது நடிப்பென்றால்கூட எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது. "இந்த வேலையை நான் செய்ய மாட்டேன். அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அவ படத்தைப் போடுங்க" என்றேன். மாதிரியைச் சுருட்டி உள்ளே வைத்தேன். வேறு கடையில் அடித்துக்கொண்டார்கள். கையை அழித்துவிட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே பதினைந்து நாள் நீ சிரிக்காமல் நின்றாய்.

நான் மறுத்த விஷயம் புதூர் வரைக்கும் போயிருக்கிறது. நீ சேர்த்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார்கள். அமைப்பாளரைத் தேர்தல் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று தலைமைக்கு மனு எழுதியிருந்தார்கள். போட்டியிட ஒரு பெயர் வேண்டும்.

"நீங்க நில்லுங்க அக்கா. உங்களுக்குத்தான் தைரியம் இருக்கு" என்றாள் ஒருத்தி. இருபத்து மூன்று வயது. மனுவை எழுதியவள் அவள்தான்.

"எனக்கு முப்பத்தாறு ஆயிட்டே."

"ஒரு வயசுதானக்கா, யார் பாக்கப் போறாவ?"

உண்மையைச் சொல்கிறேன். உடனே மறுக்க எனக்கு வாய் வரவில்லை. என் பெயருக்குப் பின்னால் அந்தப் பதவியை வைத்துப் பார்த்தேன். இனித்தது. இத்தனை காலம் அந்த ஆளிடம் எதைப் பார்த்து முகம் சுளித்தேனோ அது என் நாக்கிலேயே இருந்தது. அவரிடமும் யாராவது 'வயசை யார் பாக்கப் போறாவ' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மனுவோடு அவர்கள் கொண்டுவந்திருந்த வேட்பாளர் படிவத்தை வாங்கி அவள் பெயரை எழுதினேன். வயது என்ற இடத்தில் இருபத்து மூன்று என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன். தலைமையிலிருந்து இன்னும் பதில் இல்லை. அந்த ஆள் இன்னும் அமைப்பாளர்தான். வாராவாரம் அந்தப் பிள்ளைகள் கட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள். நானும் கூடப் போகிறேன். அவள் எழுந்து பேசும்போது என் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொள்கிறேன்.