சென்றி இல்லாத இடத்தில் இறங்கினேன்

நாவற்குடா
2010 புரட்டாதி 18

அன்பு மகள் கேதீஸ்வரிக்கு,

அப்பா கனகசிங்கம் எழுதுவது. இத்தனை காலமும் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி சுதாகரன் எழுதினான். இது என் கையெழுத்து, கோணலாக இருந்தாலும் முழுவதும் என்னுடையது. மாமாங்கத்துப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலில் உரிந்த தோலும் காய்ந்துவிட்டது. சுவிஸில் அந்தக் குளிருக்குள் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைக்கிறோம். நான் ஒரு வரி எழுதியதும் அம்மா வாசிக்கச் சொல்கிறாள், வாசித்தால் அது அப்படி நடக்கவில்லை என்கிறாள். ஆகையால் இந்தக் கடிதம் மெதுவாகத்தான் நகரும், பொறுத்துக்கொள்.

விஷயம் என் சைக்கிள். வான் வண்டி தட்டி நான் விழுந்ததை மருமகள் அஜந்தா போனில் சொன்னதும் நீ அழுதாய் என்றும், அப்பாவின் சைக்கிளை இன்றைக்கே விற்றுவிடு என்று தம்பிக்குக் கட்டளை போட்டாய் என்றும் அறிந்தேன். அவனும் சைக்கிளை மாமரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டித் திறப்பைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். உன் தங்கச்சி சின்னவளைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து இங்கிருந்து போன் வந்தாலே உன் நெஞ்சு பதறும் என்பது எனக்குத் தெரியும், ஆகவே உன்மேல் கோபம் இல்லை. ஆனால் மருமகள் நான் விழுந்ததைச் சொன்னாளே தவிர ஏன் விழுந்தேன் என்று சொல்லவில்லை. சைக்கிள் இல்லையென்றால் பாலத்துக்கு அப்பால் கோயில் மண்டபத்தில் புஸ்பம் டீச்சர் நடத்தும் முதியோர் எழுத்து வகுப்புக்கு நான் போக முடியாது. வகுப்பு பாதியில் நின்றால் இந்த வயதில் படித்ததெல்லாம் ஈர மணலில் எழுதியது போலத்தான். பஸ்ஸில் போகலாமே என்பாய். இரண்டு பஸ் ஒன்றையொன்று முந்தி ஓடும்போது கண்டக்டர் கெதியா ஏறு அப்பு, கெதியா ஏறு என்று கத்துகிறான், என் ஒரு கால் படியிலும் மற்றக் கால் நாவற்குடாவிலும் இருக்கும்போதே பஸ் கல்லடிக்குப் போய்விடுகிறது. அதைவிடச் சைக்கிள் பத்திரம்.

நீ இருந்த காலத்து வீதி இல்லை இது. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் வீதி நிறையச் சைக்கிள்தானே ஓடியது. பெரிய வாகனம் என்றால் ஆமி ட்ரக், அது வந்தால் எல்லோரும் இறங்கி ஓரத்தில் நிற்போம். இப்போது வீதிக்குத் தார்க் காபட் போட்டாயிற்று, கொழும்பு வான்களும் டிப்பர்களும் வந்துவிட்டன. ஓட்டுகிறவர்கள் நாங்கள் இன்னும் இறங்கி நிற்போம் என்றுதான் நினைக்கிறார்கள். பின்னால் வந்து முதுகுக்குள் ஹோன் அடிப்பார்கள், அடித்துவிட்டு ஒரு முழ இடம்கூட விடாமல் உரசிப் போவார்கள். என் சைக்கிளையும் உனக்குத் தெரியும், சுனாமிக்குப் பிறகு முகாமில் கொடுத்தது, முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிள். அதைப் பார்த்தால் ஆட்டோக்காரப் பொடியன்களுக்கு வாய் சும்மா இருக்காது. அப்பு, ஆச்சிட சைக்கிளக் களவெடுத்தாச்சா என்று கேட்பான் ஒருவன். இன்னொருவன் போன மாதம் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, என்னப்பு, றோட்ட உங்களுக்குச் சீதனமாவா தந்தாங்க, ஒதுங்கிப் போங்க என்றான். எனக்குத் தந்த சீதனம் வீட்ட அடுப்படியில இரிக்கி மனே, இது அரசாங்கத்து றோட்டு என்று நானும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு நல்லாய் இடம் விட்டுத்தான் போனான். இந்த வரியை வாசித்ததும் அம்மா அகப்பையைத் தூக்கிக் காட்டுகிறாள்.

இனி விழுந்த கதை. பாலம் இறங்கியதும் கல்லடிப் பக்கம் இருந்த ஆமிச் சென்றியை, அந்தக் காவலரணை நீ மறந்திருக்க மாட்டாய். பாலத்தால் வருகிற சைக்கிள்காரர் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உருட்டிப் போக வேண்டும், பொழுதுபட்டால் வான்காரர் கண்ணாடியை இறக்கி உள் லைட்டைப் போட வேண்டும். சென்றியைக் கழற்றி மாதக்கணக்காகிவிட்டது, மண்மூட்டை இருந்த இடத்தில் ஒருவர் கச்சான் கடலை வறுக்கிறார். அன்றைக்கு வகுப்பு முடிந்து பொழுதுபடுகிற நேரம் அந்த இடத்துக்கு வந்தேன். என்ன நினைத்துக்கொண்டு வந்தேனோ, கால் தன்பாட்டில் இறங்கிவிட்டது, கை சட்டைப் பைக்குள் அட்டையைத் தேடிப் போய்விட்டது. பின்னால் வந்த வான் கிறீச்சிட்டு வளைந்தது, அதன் பக்கம் என் கூடையில் தட்டச் சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வானை ஓட்டியவர் காத்தான்குடிச் சாலிஹ் என்பவர். குதித்து வந்து, என்ன ஐயா இது, கையும் காட்டாம நடு றோட்டில எறங்கிறீங்க, என்னைய மறியலுக்குக் கம்பி எண்ண அனுப்பவா என்று கத்தினார். நான் மணலில் இருந்தபடியே சென்றி தம்பி, சென்றி என்று கையைக் காட்டினேன். எங்க ஐயா சென்றி, அது கச்சான் வண்டில் என்று அவர் இன்னும் கூடக் கத்தினார். அப்போது வானுக்குள் முன்சீட்டில் இருந்த அவருடைய உம்மா, அப்ப நீ என்னத்துக்குடா உள் லைட்டப் போட்ட என்று கேட்டா. அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி இறக்கியபடி, வானுக்குள் லைட் பளிச்சென்று எரிகிறது. யா அல்லாஹ், நாம ரெண்டு பேரும் ஒரே பைத்தியம் ஐயா என்று என் பக்கத்தில் மணலில் இருந்துவிட்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் கச்சான்காரர் எங்களுக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்றே நினைத்தாராம்.

சைக்கிளை வானின் கூரையில் போட்டு என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். அடுத்த கிழமை வந்து கூடையை நிமிர்த்தி, மோட்டார்சைக்கிள் கண்ணாடி ஒன்றைப் பிடியில் பூட்டித் தந்தார். உன் தம்பியிடம், பிழை எங்க ரெண்டு பேரிலயும்தான், ஐயாவ வீட்டுக்குள்ள பூட்டாதீங்க என்றும் சொன்னார். தம்பி யோசித்துவிட்டு, சரி, அந்த இடத்தை இறங்காமல் தாண்டிக் காட்டினால் திறப்பைத் தருகிறேன் என்றான். காலையில் பாலத்துக்கு அப்பால் போய்த் திரும்பி வந்தோம், நான் முன்னால், அவன் மோட்டார்சைக்கிளில் பின்னால். மகள், உன்னிடம் என்னத்துக்கு மறைக்க, கச்சான் வண்டில் கண்ணில் பட்டதும் என் கால் மறுபடியும் இறங்கிவிட்டது. ஆமி போனாலும் அப்பு போகார் போல என்று கச்சான்காரர் சொல்ல, தம்பி திறப்பை மறுபடியும் தன் பைக்குள் போட்டான். அன்று நான் சோறு சரியாகத் தின்னவில்லை. அதுவரை உன் கட்சியில் நின்று என்னோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த அம்மா, அதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க, நான் பின்னுக்கு இரிக்கக்குள்ள எப்பிடி எறங்குவீங்க எண்டு பாப்பம் என்றாள்.

மறுநாள் அவளைக் கரியரில் வைத்துக்கொண்டு போய், திரும்பி வரப் பாலத்தில் ஏறினேன். பாலம் எவ்வளவு ஒடுக்கம் என்று உனக்குத் தெரியும், எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ். பாலத்திலும் ஹோன், பாலம் இறங்கியும் ஹோன். சென்றி இருந்த இடம் வர என் கால் துடித்தது, கண்ணாடிக்குள் பார்த்தால் அம்மாவின் முகம், அவள் மிதிங்க, மிதிங்க என்று என் முதுகில் குத்துகிறாள். பஸ் மறுபடியும் ஹோன் அடிக்க அவள் திரும்பிக் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு மனே, இவர் சென்றியத் தாண்டட்டும் என்று வீதி முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டாள். என்ன விளங்கியதோ, அந்தச் சாரதி ஹோனை நிறுத்தினான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க, எங்களுக்குப் பின்னால் சாமி ஊர்வலம் போல மெதுவாக வந்தான். நான் இறங்கவில்லை மகள். கச்சான்காரர் கை தட்டினார். தம்பி திறப்பைத் தந்துவிட்டு, அக்காவுக்கு நீங்களே சொல்லுங்க, எனக்குப் பேச்சு வாங்கேலாது என்றான்.

அதைத்தான் சொல்கிறேன். சைக்கிளை விற்கச் சொல்லாதே. கை காட்டாமல் திரும்ப மாட்டேன், பொழுதுபட முன் வீட்டுக்கு வந்துவிடுவேன், புஸ்பம் டீச்சரும் என்னை நேரத்தோடு விடுவதாகச் சொல்லிவிட்டா. நாளை மறுநாள் இதை நானே சைக்கிளில் கொண்டுபோய்த் தபால் கந்தோரில் கொடுப்பேன். இது உன் கையில் கிடைத்தால் நான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று அறிந்துகொள். போனது சரி, திரும்பி வந்தது பிள்ளைக்கு எப்பிடித் தெரியும் என்று அம்மா கேட்கிறாள். அதை அவள் போனில் சொல்வாளாம்.

நீ அங்கே கார் ஓட்டப் பழகுகிறாய் என்று மருமகன் சொன்னார், மிகவும் சந்தோசம். முன்னால் ஒருவர் சைக்கிளில் மெதுவாகப் போனால் பின்னால் நின்று ஹோன் அடிக்காதே மகள், அவருக்குள் என்ன சென்றி இருக்கிறதோ, அவர் தாண்டும் வரை கொஞ்சம் பொறு. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ எங்கள் ஆசீர்வாதம். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு
உன் அப்பா
க. கனகசிங்கம்
(பக்கத்தில் இருந்து திருத்தியது அம்மா இரத்தினம்மா)