உனக்கு வந்த அட்டை

என் ஆசை அண்ணே,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ ஆண்டவரிடம் போய் ஒரு வருஷம். சபை இதழில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் போதகர் கேட்டிருக்கிறார். "ஜெபம் பண்ணியே ஒரு பேக்கரிய நடத்திக் காட்டினவருல்லா. கூடவே நின்ன தங்கச்சி எழுதினாத்தான் சரியா இருக்கும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் நீயும் நல்லவன், நானும் நல்லவள். அதனால் இப்போது உனக்கே நேராக எழுதுகிறேன். போதகர் இதைப் போடுவாரோ மாட்டாரோ, அது அவர் பாடு.

முதலில் ஊர்ச் சேதி. பீர்மேட்டில் பனி இன்னும் விட்டபாடில்லை. மேல் எஸ்டேட் கேட்டில் போட்ட பூட்டு துருப்பிடித்துவிட்டது. நம்மிடம் பன் வாங்கிய தொழிலாளர் லயங்களில் முக்கால்வாசி வீடுகளில் ஆள் இல்லை. சிலர் கம்பத்துக்கு, சிலர் திருப்பூருக்கு என்று இறங்கிவிட்டார்கள். இருக்கிறவர்களும் கீழேயிருந்து வேனில் வருகிற கவர் ரொட்டியைத்தான் வாங்குகிறார்கள். அது பத்து நாள் கெடாதாம். நம் ரொட்டி மூன்றாம் நாள் பூசணம் பூத்துவிடும். பூக்கிறதுதான் நல்ல ரொட்டி என்று நீ கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் வாதாடுவாய். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. மிஞ்சுகிற பன்னை வெட்டிக் காயவைத்து ரஸ்க் ஆக்குகிறேன். இப்போது ரஸ்கும் மிஞ்சுகிறது.

ரொட்டி சுடுகிற இரண்டு போர்மாவில் பழையதில் மட்டும்தான் தீ எரிகிறது. நீ கட்டிய புது போர்மாவின் செங்கல் வாய்க்குள் மாடசாமி விறகை அடுக்கி வைத்திருக்கிறான். ரொட்டி வேக வேண்டிய இடம். பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நீ செய்ததுபோலத்தான் நானும் செய்து பார்த்தேன், அண்ணே. காலை ஐந்து மணிக்குப் பழைய போர்மாவின் முன்னால் மைதா மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வியை ஆண்டவரிடம் சத்தமாகக் கேட்பாய். பிறகு முதல் தட்டு வெந்து வெளியே வரும்வரை வாயைத் திறக்கமாட்டாய். "கேட்டுட்டு எந்திரிச்சு ஓடிரக்கூடாது பிள்ளே. பதில் சொல்லுததுக்கு அவருக்கும் நேரம் குடுக்கணும்லா" என்பாய். குடிகாரன் என்று ஊரே சொன்ன மாடசாமியை நீ வேலைக்குச் சேர்த்ததும் அப்படி ஒரு காலையில்தான். அவன் கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் இன்றைக்கும் முதல் தட்டு வரும்வரை அவன் பேசுவதில்லை.

இரண்டு மாதமாக என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பேக்கரியை நடத்தவா, நிறுத்தவா? பஞ்சாயத்து லைசென்ஸை இந்த மாதக் கடைசிக்குள் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பப் பாரம் மேசைமேல் கிடக்கிறது. உட்கார்கிறேன், கேட்கிறேன், காத்திருக்கிறேன். விறகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது. ரோட்டில் முதல் பஸ் கியர் மாற்றி ஏறுகிற சத்தம் கேட்கிறது. வேறொன்றும் கேட்கவில்லை. தினமும் நான் உட்காருவதற்கு முன்னால் மாடசாமி வந்து, "தீ வைக்கவா எக்கா, வேண்டாமா?" என்று கேட்பான். வை என்பேன். அவன் என்னிடம் கேட்பதைத்தான் நான் ஆண்டவரிடம் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

எனக்கு ஏன் பதில் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதைத்தான் கிழித்துப்போட்ட மூன்று தாளிலும் எழுதாமல் விட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முந்திய புதுவருஷம் ஞாபகம் இருக்கிறதா? உனக்குக் காய்ச்சல். ஆராதனைக்கு வர முடியவில்லை. அந்த டிசம்பர் முழுதும் எஸ்டேட்டை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு. நீ சாப்பாடுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது கம்பளிக்குள்ளிருந்து, "எனக்கும் சேத்து அட்டை எடுத்துட்டு வா எஸ்தரு. இந்த வருஷம் அவரு என்ன சொல்லுதாரோ அதுபடி செய்வோம்" என்றாய். ஆராதனை முடிந்ததும் பலிபீடத்துக்கு முன்னால் தட்டில், ஆளுக்கொரு பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உன் பெயரைச் சொல்லி ஜெபித்து ஒன்று எடுத்தேன். என் பெயரைச் சொல்லி ஒன்று எடுத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று இரண்டையும் வாசித்தேன். உனக்கு வந்தது, அமர்ந்திரு, பொறுத்திரு என்கிற வசனம். எனக்கு வந்தது, உன் கூடாரத்தை அகலமாக்கு, தயங்காதே என்கிற வசனம். கடைக் கல்லாவைத் தவிர வேறு கூடாரம் இல்லாத எனக்கு அது எதற்கு? காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு இன்னும் கிட என்று சொல்கிற அட்டையைக் கொடுக்க மனசு வரவில்லை. பந்தியில் பெரிய மீன் துண்டை உன் இலைக்குத் தள்ளுவேனே, அப்படித்தான் அதையும் தள்ளினேன். உன் அட்டையை என் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். என் அட்டையை உன் கையில் கொடுத்தேன்.

நீ அதை வாசித்துவிட்டு அழுதாய். அப்போதே சொல்லியிருக்கலாம். பிறகு புது போர்மா கட்ட, பன் ஏற்றிப்போகும் ஜீப்பை விற்றாய். அப்போதும் சொல்லியிருக்கலாம். செங்கல் வந்து இறங்கியது, மண் குழைக்க நான்தான் தண்ணீர் சுமந்தேன். வாயைத் திறக்க எனக்கு எத்தனை நாள் கிடைத்தது. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், அண்ணே. உன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் எஸ்டேட்டைப் பூட்டினார்கள்.

ஒருநாளாவது நீ ஆண்டவரைக் குறை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நீ சொல்லவில்லை. "அவரு சொன்னதுலா. நேரம் வரும்" என்றே இருந்தாய். ஜீப் இல்லாமல் பன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாய். நெஞ்சுவலி என்று மெடிக்கல் காலேஜில் படுத்திருந்தபோதும் என் கையைப் பிடித்து, "புது போர்மாவ இடிச்சிராதிய. வாக்கு இருக்கு" என்றாய். எதிரே உட்கார்ந்திருந்த என் மடியில், பைபிளுக்குள் உன் அட்டை இருந்தது. அன்றைக்கும் சொல்லவில்லை. சாகப்போகிறவனிடம் சொல்வதா என்று நினைத்தேன். உயிரோடு இருக்கும்போது சொல்லாததற்கு அது ஒரு சாக்கு.

எந்தக் கைக்கு எந்த அட்டை போய்ச் சேரும் என்று ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் விட்டாரா? அப்படி நினைத்தால் எனக்குச் சுகமாக இருக்கிறது. சுகமாக இருப்பதாலேயே அதை நம்பப் பயமாகவும் இருக்கிறது. ஆண்டவர் பேசுகிற இடத்தில் நான் ஒருதடவை நின்று பேசிவிட்டேன். இப்போது அதே இடத்தில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் எதுதான் கேட்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் மதினியிடம் சொல்லிவிட்டேன். கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள். இன்னொரு வெங்காயத்தை உரித்துவிட்டு, "இத எங்கிட்ட ஏன் சொல்லுத? உனக்கு லேசாகணும்னா?" என்றாள்.

"ஆமா மதினி" என்றேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"எனக்கு லேசாகலியே" என்றாள்.

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, உனக்கு வந்த அட்டை எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்காக வாசல்பக்கம் போய் வாசித்தாள். திருப்பித் தருவாள் என்று கையை நீட்டினேன். "இது அவுகளுக்கு வந்தது. எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். இடிக்கக்கூடாது என்று நீ சொன்ன புது போர்மாவை இடிக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். "கிடக்கட்டும். விறகு நனையாம இருக்கும்லா" என்றாள். அன்றைக்குக் கறியில் உப்பு இல்லை. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மன்னித்துவிட்டாளா என்று கேட்கிறாயா? தெரியவில்லை. நேற்றுக் கடைக்கு வந்து அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள். போகும்போது இரண்டு பன் எடுத்துக்கொண்டாள்.

இன்று காலையும் மூட்டைமேல் உட்கார்ந்தேன். கேள்வியைக் கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்லி, நான் செய்ததை மட்டும் சத்தமாகச் சொன்னேன். மாடசாமி பின்னால் நின்று கேட்டிருப்பான். முதல் தட்டு வந்தது. பதில் வரவில்லை. மேல்பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது, அவ்வளவுதான்.

லைசென்ஸ் பாரத்தை நிரப்பாமலே மடித்து உள்ளே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் மாடசாமி, "தீ வைக்கவா எக்கா, வேண்டாமா?" என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். குமுளியில் ஒரு ஹோட்டல்காரர் அவனை வேலைக்குப் பலதடவை கூப்பிட்டிருக்கிறார், இனி போகட்டும். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று சபையில் கேட்பார்கள். ஆண்டவர் வழி காட்டினார் என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிச் சொல்லமாட்டேன், அண்ணே. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, முடிவு பண்ணினது நான்தான் என்று சொல்வேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. அந்த வார்த்தையை உன்னிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இது என்னுடையது. இந்தத் தடவை வேறு யாருடையதையும் மாற்றித் தரவில்லை.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
எஸ்தர்