சாப்பிடாத மாத்திரை

நவ. 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஏழரைக்கு ரவுண்ட்ஸ். காய்ச்சல் வார்டு நிரம்பி, வராந்தாவில் நான்கு பேர்.

செய்ய வேண்டியவை: வெள்ளிக்கிழமை டிவி நிகழ்ச்சிக்குத் தலைப்பு (பிரகாஷ் இரண்டு முறை போன்). ஆய்வுக் கட்டுரைத் திருத்தம். நீலப் புடவைக்கு ஃபால்ஸ்.

பதினொரு மணிக்குத் திருவாதவூரிலிருந்து ஒரு பெண். பாண்டிச்செல்வி, 34. எட்டு நாள் காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. கூப்பிட்டால் கண் திறக்கிறாள், பேச்சு குழறுகிறது. இடது மார்புக்கு அடியில் ஒரு கறுப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்டது போல. உண்ணிக்காய்ச்சல். வயலோரப் புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்த இடம் வலிக்காது, அரிக்காது. அதனால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுவார்கள். எட்டாம் நாளில் அப்படிச் சொல்ல முடியாது. நேராக ஐசியூ.

கணவர் மலைச்சாமி. விவசாயம். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "டிவி டாக்டரம்மா! நீங்களே பாக்குறீகளா? இனிப் பயமில்ல."

நவ. 12, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

பாண்டிச்செல்விக்கு இன்று செயற்கைச் சுவாசம். சிறுநீர் குறைகிறது.

மலைச்சாமியிடம் முழு விவரம் கேட்டேன். மூன்றாம் நாளே ஊர்ப்பக்க டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். சீட்டை நீட்டினார். டாக்ஸிசைக்ளின். சரியாகத்தான் எழுதியிருக்கிறார் அந்த டாக்டர்.

"குடுத்தீங்களா?"

சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"வாங்குனேன், குடுக்கல. நீங்கதானம்மா சொன்னீக. காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் முழுங்காதீக, அஞ்சாறு நாள்ல தானாப் போயிரும், கஞ்சித்தண்ணி நிறையக் குடுங்கன்னு. அவ கேட்டாக்கூட நான் குடுக்கல."

சொன்ன பேச்சைக் கேட்டு நடந்த நிம்மதி முகத்தில். நான் "சரி" என்றேன்.

சாயங்காலம் என் நிகழ்ச்சியின் பழைய பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. சிரித்துக்கொண்டே சொல்கிறேன். பெரும்பாலான காய்ச்சலுக்கு அது உண்மைதான். 'டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் கட்டாயம் சாப்பிடுங்கள்' என்ற ஒரு வரி இல்லை. நேரம் போதாது என்று அன்று நானேதான் வெட்டினேன். ஞாபகம் இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று. போன வருடம் எலிப்பொறி வைத்து, எலிக் காதிலிருந்து அந்தப் பூச்சிகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தது திருவாதவூர் வயல்களில்தான். கட்டுரை அட்டவணையில் நான்காவது வரியில் அந்த ஊர். கட்டுரை எழுதியவளுக்குத் தெரியும். கேமரா முன்னால் உட்கார்ந்தவள் சொல்லவில்லை. இரண்டும் நான்தான்.

நவ. 13, புதன்

மாட்டுத்தாவணி பக்கம் நெரிசல், இருபது நிமிடம் தாமதம். பாண்டிச்செல்வி நிலையில் மாற்றம் இல்லை.

பிரகாஷ் போன். நிகழ்ச்சித் தயாரிப்பாளர், நல்ல மனிதர். எட்டு வருடம் முன்னால் டெங்கு பற்றி இரண்டு நிமிடம் பேசக் கூப்பிட்டவர், அப்படியே விடவில்லை. தலைப்பு கேட்டார்.

"நான் சொன்ன ஒரு தப்பு."

"மேடம், உங்க முகத்துக்குத்தான் புரோகிராம் ஓடுது. நீங்களே தப்புன்னா அப்புறம் யாரு நம்புவா? உண்ணிக்காய்ச்சல் விழிப்புணர்வுன்னு பொதுவாப் போயிருவோமே."

யோசிக்கிறேன் என்றேன். உண்மையிலேயே யோசித்தேன். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். பொதுவாக எழுதியதுதான் நன்றாக இருந்தது.

நவ. 14, வியாழன்

பாண்டிச்செல்வி இறந்துவிட்டாள். பிற்பகல் 3.10.

மலைச்சாமி கும்பிட்டார். "நீங்க எம்புட்டோ பாத்தீக தாயி. எங்க நேரம்."

தவறு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, ஆம்புலன்ஸ் காத்திருந்தது, ஐசியூவில் இன்னொருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. எல்லாம் நடந்ததுதான். ஆனாலும் சாக்குதான்.

நவ. 15, வெள்ளி

நேரலை. மேக்கப் போடும் பெண் "ஏன் மேடம் டல்லா இருக்கீங்க?" என்று கூடுதலாகப் பூசிவிட்டாள்.

ஊர், பேர் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன். நான் பேசியது அரைகுறை, அதை நம்பி ஒருவர் மாத்திரையைத் தள்ளிப்போட்டார், அந்த வீட்டில் ஓர் உயிர் போய்விட்டது. கறுப்புப் பொருக்கு எப்படி இருக்கும், அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் எல்லாம் எப்படித் தேட வேண்டும் என்று படம் காட்டினேன்.

முதல் அழைப்பு மேலூரிலிருந்து ஒரு பெரியவர். "அப்ப இதுவரைக்கும் நீங்க சொன்னதுல வேற எதெல்லாம் தப்பு?" நியாயமான கேள்வி. திரும்பிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

முடிந்ததும் பிரகாஷ் டீ கொண்டுவந்து வைத்தார். "மேல பேசிட்டாங்க மேடம். கொஞ்ச வாரம் வேற டாக்டர வச்சுப் பாக்கச் சொல்றாங்க." சரி என்றேன். கோபம் இல்லை. வருத்தம் இருந்தது, மறைக்க என்ன. கேமரா எனக்குப் பிடிக்கும்.

நவ. 17, ஞாயிறு

வெயில். தனியாகத் திருவாதவூர். கார் டயரில் காற்றுக் குறைவு, வழியில் அடைத்தேன்.

மலைச்சாமி வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. நான் வருவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை என் நிகழ்ச்சி பாத்தீங்களா?"

"இல்லம்மா. அன்னிக்குத்தான அவள எடுத்தோம்."

ஊருக்கே சொன்னேன். இவருக்குச் சொல்லவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். டிவியில் நான் முழுதாகச் சொல்லவில்லை. அந்த மாத்திரை சரியான மாத்திரை. தவறு உங்களுடையது இல்லை, என்னுடையது.

அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மூணாம் நாளே குடுத்திருந்தா?"

"பிழைச்சிருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சு."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழவில்லை. துண்டை எடுத்தபோது குரல் மாறியிருந்தது.

"உள்ள எங்க அத்த இருக்கு. செல்வியோட அம்மா. எங்கூடப் பேச மாட்டேங்குது. மருந்தப் பையில வச்சுக்கிட்டே எம்மகளக் கொன்னுட்டான்னு வாரவுக எல்லார்ட்டயும் சொல்லுது. இப்ப எங்கிட்டச் சொன்னத அதுகிட்டயும் சொல்லிருங்க."

உள்ளே போனேன். செல்வியின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நானும் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மலைச்சாமி நிலைப்படியில் நின்றார்.

"படிச்ச நீயே இப்படிச் சொன்னா, நாங்க யாருகிட்டத்தான் போறது?"

அதன் பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தலையை நிமிர்த்தி நிலைப்படியைப் பார்த்தார்.

"காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. வாங்க மாப்ள, சோறு போடுறேன்."

மலைச்சாமி உள்ளே வந்தார். நான் எழுந்து வழிவிட்டேன்.