அடர் ஊதா ஈரல்கள்

மார்ச் 3

காலையில் மீட்டிங். எங்கள் இரண்டு பேருடைய எலிகளில் ஒருவருடையதைத்தான் அடுத்த பெரிய ஆய்வுக்கு எடுப்போம் என்று புரொபசர் சொல்லிவிட்டார். நான் எலியின் மண்ணீரலில் புற்றுச்செல்களை ஊசி போடுகிறேன். அவை ரத்தத்தோடு ஈரலுக்குப் போய் இறங்கும். எல்லாரும் புதுசு என்று கூப்பிடுகிற அந்தப் பெண், எலியின் பெருங்குடலில் புற்றுக் கட்டித் துண்டைத் தைத்துவிட்டு, அது தானாகப் பரவட்டும் என்று காத்திருக்கிறாள். யாருடைய எலியில் புற்று ஈரலுக்குள் நன்றாக ஊடுருவுகிறதோ அவளுக்குத்தான் ஆய்வு, தலைமையும்.

லேபுக்கு வந்து ஒரு வருஷமாகியும் அவளுக்குப் பெயர் புதுசுதான். அவள் பேசினால் புரொபசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். நான் பேசினால் போனைப் பார்க்கிறார். பொறாமைதான், வேறென்ன? நாளெல்லாம் ஈரலைப் பார்க்கிறேன், எரிவது வயிறு.

மார்ச் 5

புதுசு புதுச் செருப்பு போட்டு வந்தாள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 9

மகளுக்குக் காய்ச்சல். லீவு போட்டேன். இன்றைக்கு என் எலிகளின் ஈரலைச் சீவி ஒட்டிய ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். டெக்னீஷியன் அண்ணன் என் பாட்டில் சாயத்திலேயே ஏற்றிவிடுவார்.

மார்ச் 12

இவர் என்னைக் கூட்டிப்போக லேப் வாசலுக்கு வந்திருந்தார். நான் இறங்கி வருவதற்குள் புதுசு அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். வழியெல்லாம் அவள் புராணம்.

"அந்தப் பொண்ணு என்ன தெளிவா சொல்லுது! புத்து ஈரலுக்குள்ள எப்படிப் போகுதுன்னு எனக்கே புரிஞ்சிடுச்சு."

"இத்தனை வருஷமா நான் சொல்லலியா?"

"நீ எங்க சொன்னே? கேட்டா எரிஞ்சு விழுவே."

ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். அவருக்கு அதுகூடப் புரியவில்லை.

மார்ச் 16

ஸ்லைடுகளுக்கு மதிப்பெண் போடும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார் புரொபசர். "உன் கண்ணு இங்க யாருக்கு இருக்கு? எது யாரோடதுன்னு டேப் ஒட்டி மறைச்சாச்சு. பயப்படாம போடு." "நீங்களே போடுங்கக்கா," என்று புதுசும் தலையாட்டினாள்.

பார்க்க வேண்டியது புற்றின் ஓரத்தை. புற்று ஈரலை நெட்டித் தள்ளிக்கொண்டு உருண்டையாக நின்றால் ஓரம் சுத்தமாக இருக்கும் - பூஜ்யம். ஈரல் செல்களின் வரிசைக்குள்ளேயே நழுவி, அவை இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால், எங்கே ஈரல் முடிந்தது என்றே தெரியாது - அதற்கு மூன்று.

டேப் ஒட்டினால் எனக்குத் தெரியாதா? என் ஸ்லைடுகள் எப்போதும் வெளிறித்தான் இருக்கும், பழைய சாயத்தையே வடிகட்டி ஓட்டுகிறவள் நான். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சாயம் கலக்குகிறவள் அவள். அடர் ஊதா என்றால் புதுசு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

தெரியாத மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 17

ஒரு அடர் ஊதா ஸ்லைடு. புற்றுச்செல்கள் ஈரலின் வரிசையில் ஒவ்வொன்றாக, வாடகைக்கு வந்தவர்கள் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி. இவ்வளவு அழகான ஊடுருவலை நான் பார்த்ததே இல்லை. மூன்று போட வேண்டியது.

ஒன்று போட்டேன்.

வெளிறியவை ஒன்றிரண்டு சந்தேகமாக இருந்தன. சந்தேகத்தின் பலனை அவற்றுக்கே கொடுத்தேன். தாராளமாக.

மார்ச் 19

எல்லார் முன்னாலும் டேப்பைப் பிரித்தார்கள்.

அடர் ஊதா எல்லாம் என்னுடையவை.

புதுசு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அன்னிக்கு டெக்னீஷியன் அண்ணனும் லீவு. நான்தான் உங்களோடதுக்குச் சாயம் ஏத்தினேன். புதுச் சாயம் கொஞ்சம்தான் இருந்துச்சு, உங்களோடது நல்லா வரட்டும்னு அதுல போட்டேன். என்னோடதுக்கு மிச்சம் மீதி. அப்படியும் என்னோடது ஜெயிக்கும்னு நினைக்கவே இல்லக்கா!"

அவளுக்குத்தான் ஆய்வு. என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். அய்யோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன் நான்!

மார்ச் 20

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் என் எலிகள் போகும். பொய் மதிப்பெண்ணை நம்பி எத்தனை பேர் எத்தனை எலிகளைக் கொல்வார்களோ!

மார்ச் 23

புரொபசர் அறையில் சொல்லிவிட்டேன். அவளும் இருக்கட்டும் என்று நானே கூப்பிட்டேன். நிறத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்ததையும், அவளுடையது என்று நினைத்துத்தான் குறைத்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன். புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த கட்டிடத்து நோயியல் டாக்டரிடம் எல்லா ஸ்லைடுகளையும் மறுபடி பார்க்கக் கொடுக்கிறார்களாம்.

புதுசு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அது நிஜமாவே என்னோடதா இருந்திருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

ஆம் என்று இங்கே எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

மார்ச் 27

இவர் ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 2

நோயியல் டாக்டரின் மதிப்பெண் வந்துவிட்டது. நான் ஒன்று போட்ட ஸ்லைடுக்கு அவர் மூன்று போட்டிருக்கிறார். என் எலிகளுக்குத்தான் ஆய்வு. தலைமையும் எனக்கே. "வேலை வேற, நடந்தது வேற," என்றார் புரொபசர். ஆனால் இனிமேல் எந்த ஸ்லைடுக்கும் நான் மதிப்பெண் போடக் கூடாதாம்.

மதியம் வராந்தாவில் புதுசு எதிரே வந்தாள். ஒதுங்கிப் போவாள் என்று நினைத்தேன். நின்று, சிரித்து, கை கொடுத்தாள்.

"வாழ்த்துகள், மேடம்."

நன்றி என்றேன்.